மூச்சு மிச்சம்

ஜனவரி 8

கடற்கரை லைஃப்கார்டு பயிற்சிக்கு ஜூன் முதல் வாரத்தில் தகுதித் தேர்வு. நீச்சல் குளத்தில் 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். அப்புறம் மணலில் 200 மீட்டர் ஓட்டம், கடலில் 200 மீட்டர் நீச்சல், மறுபடி 200 மீட்டர் ஓட்டம். இது மொத்தமும் 8 நிமிடத்துக்குள். பிரிட்டனில் கடற்கரைகளுக்கு லைஃப்கார்டுகளை அனுப்பும் ஆர்என்எல்ஐ அமைப்பு 400 மீட்டருக்கு ஏழரை நிமிடம்தான் தருகிறது என்று படித்ததும் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன்.

இன்று நான் எடுத்துக்கொண்டது 12 நிமிடம் 10 விநாடி. நடுவில் மூன்று முறை சுவரைப் பிடித்தேன். பத்து வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த உடம்பு, வேறென்ன செய்யும்.

ஜனவரி 17

கையும் காலும் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு மூச்சில். தண்ணீருக்குள் முகம் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்துவிட்டு, தலையைத் திருப்பும் அரை விநாடியில் வெளியே விடுவதும் உள்ளே இழுப்பதும் இரண்டையும் செய்யப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு முட்டியதற்குக் காரணம் உள்ளே தேங்கிய கரியமில வாயு. "தண்ணிக்குள்ளயே ஊதி முடிச்சிடுங்க, மேல வந்தா இழுக்க மட்டும்தான்" என்றார் பயிற்சியாளர். ஒரு மணி நேரம் குமிழி விட்டேன். பக்கத்துத் தடத்துக் குழந்தைகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 2

10.35. சுவரைப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 11

ஆர்வக்கோளாறு. முதல் நாளே கால் புதைகிற மணலில் வெறுங்காலோடு 4 கிலோமீட்டர் ஓடினேன். மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கால் புதைகிற ஒவ்வொரு தடவையும் உந்திய விசையில் ஒரு பங்கை மணலே தின்றுவிடுகிறது. இரண்டு நாளாகப் படியில் பின்பக்கமாக இறங்குகிறேன். கெண்டைக்கால் கல்லாகக் கிடக்கிறது. அலை நனைத்த கெட்டி மணலில் பத்து நிமிடம் என்று தொடங்கியிருக்க வேண்டும். சரி, இனிமேல் அப்படியே.

மார்ச் 3

இன்று திட்டு வாங்கினேன். நீருக்கடியில் 25 மீட்டர் போகும் பயிற்சி. முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து தடவை மூச்சு வாங்கினேன்; அப்படிச் செய்தால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று எங்கோ கேட்ட ஞாபகம். பயிற்சியாளர் தோளைப் பிடித்து நிறுத்தினார். அப்படி ஊதித் தள்ளினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். மூச்சு விடச் சொல்லி உடம்புக்குத் தகவல் கொடுப்பதே அதுதான். ஆக, மூச்சு முட்டும் உணர்வே வராது, அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். இனி முங்கும் முன் அமைதியாக இரண்டு மூச்சு, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனியாக இந்தப் பயிற்சி கிடையாது.

மார்ச் 20

8.48! தேர்வுக்குப் போதும். இன்றே தேர்வு வைத்தால் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 6

கடலில் முதல் நாள். 8.48 எல்லாம் கரையிலேயே நின்றுவிட்டது. அடியில் கறுப்புக் கோடு இல்லை, பிடிக்கச் சுவர் இல்லை. தலையைத் தூக்கியபடி நீந்த வேண்டும், இல்லையென்றால் காப்பாற்றப் போகிற ஆள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழ்கிறது, கழுத்து இற்றுப்போகிறது. மிதவையை நோக்கிப் போனவன் அதற்கு ஐம்பது மீட்டர் தள்ளிப் போய்ச் சேர்ந்தேன்.

ஒன்று மட்டும் பிடிபட்டது. உடைகிற அலையை நெஞ்சில் வாங்கக் கூடாது. அதற்கடியில் முங்கி, தரை மணலைக் கையால் பிடித்து, காலை ஊன்றி அடுத்த பாய்ச்சல், டால்பின் மாதிரி.

ஏப்ரல் 19

"ஒரு குழந்தையைக் கடலில் இறக்கணும்னா எந்த இடம்?" என்று கேட்டார் பயிற்சியாளர். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் அலையே இல்லாமல் சாதுவாக ஓர் இடம். அதைக் காட்டினேன். அதுதான் ரிப், கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. ஆழம் அதிகம் என்பதால்தான் அலை உடைவதில்லை. நிறம் சற்றுக் கறுத்திருக்கும், நுரை வெளிப்பக்கமாக நகரும்.

பலமான ரிப் விநாடிக்கு 2.5 மீட்டர் வரை ஓடும். உலக சாதனை வேகத்தில் 100 மீட்டர் நீந்துபவரே விநாடிக்கு 2.2 மீட்டரைத் தொடுவதில்லை. என்னுடையது முக்கால் மீட்டர். எதிர்த்து நீந்துவது எத்தனை வீண் என்று கணக்கே சொல்கிறது. மிதக்கணும், முடிந்தால் கரைக்கு இணையாக நகரணும், கையை உயர்த்திக் காட்டணும். லைஃப்கார்டுகளோ வேகமாக உள்ளே போக இதே ரிப்பில்தான் குதிக்கிறார்களாம்.

மே 4

இன்று காவல் மேடையில், பணியில் இருந்த அக்கா ஒருவரோடு இரண்டு மணி நேரம். பேசிக்கொண்டே இருந்தார்; ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் மட்டும் இடமிருந்து வலம், அருகிலிருந்து தூரம். பதினோரு தடவை விசில். பாதுகாப்பாகக் குளிக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே வரச் சொல்லித்தான் பாதி. தண்ணீரில் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

மூழ்குகிறவர் கூச்சல் போடுவார் என்று நானும் நம்பியிருந்தேன். போட மாட்டார், கத்த மூச்சு இருக்காது. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, உடம்பு நெட்டுக்குத்தாக, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். இதைக் கவனித்து எழுதியவர் ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க லைஃப்கார்டு. அந்த நிலை நீடிப்பது 20 முதல் 60 விநாடி. தூரத்திலிருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரியே இருக்குமாம்.

மே 18

மாதிரித் தேர்வு. ஓட்டம், நீச்சல், ஓட்டம்: 7.41. துள்ளிக் குதித்தேன். "நிக்காதீங்க, அடுத்தது" என்று பயிற்சி பொம்மையைக் காட்டினார்கள். மூழ்கியவருக்கு முதலில் ஐந்து மூச்சு ஊத வேண்டும், பிறகு நெஞ்சில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. குனிந்தேன். ஊத என்னிடம் காற்றே இல்லை. மூச்சிரைப்பில் உதடு பொம்மையின் வாயில் பொருந்தவேயில்லை. மூன்றாவது முயற்சியில்தான் நெஞ்சு லேசாக எழுந்தது. அழுத்தம் தொடங்கி நாற்பது விநாடியில் முழங்கை மடங்கிவிட்டது.

"வேகமா வந்தீங்க. எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார் பயிற்சியாளர். பதில் சொல்லவும் மூச்சு இல்லை.

மே 27

வேகத்தைக் குறைத்திருக்கிறேன். ஆளை நெருங்க இருபது மீட்டர் இருக்கும்போது மார்பு நீச்சலுக்கு மாறி, இரண்டு மூச்சு ஆழமாக, எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் நின்று, எனக்கும் அவருக்கும் நடுவில் ரெஸ்க்யூ டியூபை, அதாவது பிடித்து மிதக்கும் நீள மிதவையை, தள்ளுகிறேன். பயந்தவர் கழுத்தைத்தான் கட்டுவார், டியூபைக் கட்டிக்கொள்ளட்டும். கரைக்கு இழுத்து வந்து இரண்டு நிமிடம் பொம்மை, நிமிடத்துக்கு 110 அழுத்தம் வீதம். ஐந்து மூச்சும் ஏறியது.

சுற்று 7.56 ஆகிவிட்டது. நாலே விநாடி மிச்சம். வயிற்றைக் கலக்குகிறது, ஆனாலும் தேர்வில் இப்படித்தான் நீந்தப் போகிறேன்.

இடது கெண்டைக்கால் மறுபடி இழுக்கிறது. நாளை ஓட்டம் இல்லை, குளம் மட்டும்.