பக்கத்து வீட்டு டிவியும் என் 100 வாட்டும்

"தம்பி, நீங்க ரேடியோவில் உட்கார்ந்தாலே எங்க டிவி கட்டம் கட்டமா உறைஞ்சு போகுது" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நான் ஹாம் ரேடியோக்காரன்; வீட்டிலிருந்தே ரேடியோ அலை அனுப்பிப் பொழுதுபோக்காகப் பேசுபவன். எங்கள் டிவியில் ஒரு குறையும் இல்லை. அதைக் காட்டி வாதாடியிருக்கலாம். ஆனால் அண்டை வீட்டுச் சண்டைக்கு எந்த ஃபில்டரும் கிடையாது.

சரி, சோதிப்போம் என்று 14 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டில் மோர்ஸ் சாவியைத் தட்டினேன். மனைவி அண்ணன் வீட்டிலிருந்து போனில் "இப்போ போச்சு, இப்போ வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 10 வாட்டுக்கு இறக்கியதும் படம் தெளிந்தது. முதலில் என் பக்கம் உயர் அலைவரிசைகளைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர் மாட்டினேன். துளி மாற்றமில்லை. அப்படியென்றால் ஹார்மோனிக்ஸ், அதாவது என் அலைவரிசையின் மடங்குகளில் கசியும் அலைகள், குற்றவாளி இல்லை. என் அடிப்படை அலையே அவர் கருவியைத் திணறடிக்கிறது.

அவர் டிவி ஆன்டெனா கம்பத்தில் இருந்த, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர்தான் மாட்டியது. எந்த அலைவரிசை வந்தாலும் வாங்கிப் பெருக்கும் ரகம். பக்கத்தில் இருக்கும் என் அலையில் அது திக்குமுக்காட, டிவி சிக்னலும் சேர்ந்து கெட்டது. பூஸ்டருக்கு முன்னால், டிவியின் உயர் அலைவரிசைகளை மட்டும் விடும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் வைத்ததும் முக்கால்வாசி சரியானது.

7 மெகாஹெர்ட்ஸில் மட்டும் தொல்லை நீடித்தது. ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் கோஆக்ஸ் கேபிளின் உலோக வெளியுறையே ஆன்டெனா போல அலையை வாங்கிக்கொண்டிருந்தது. டிவிக்கு அருகில் கேபிளை ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையத்தில் 8 சுற்று சுற்றினேன். அதுவும் அடங்கியது.

இப்போது 21 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அவர் வீட்டு காலிங் பெல் தானாக அடிக்கிறதாம். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.