எலிக்கு வராத நோய்க்கு ஊசி

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான டிஎன்ஏ தடுப்பூசித் திட்டத்தில் (வைரஸின் புரதத்துக்குப் பதில் அதன் மரபணுவையே செலுத்தி, உடம்பையே அந்தப் புரதத்தைத் தயாரிக்க வைப்பது) சேர்ந்தபோது வேலை முழுக்க எலியும் ஊசியும்தான் என்று நினைத்திருந்தேன். பாதி நேரம் பாக்டீரியாவோடுதான் போனது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் பொருத்தி, ஈகோலை பாக்டீரியாவில் பெருக்கி, சுத்தம் செய்து எடுக்க வேண்டும். பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் முடிவை நம்ப முடியாது. அதனால் அந்த மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிடையும் ஒரு கூண்டு எலிகளுக்குப் போடுவோம்.

ஊசி போடுவது கால் தசையில். வெறும் டிஎன்ஏவைச் செலுத்தினாலே எலித் தசை புரதம் தயாரிக்கும் என்பது 1990-ல் தெரிந்தது. சில வாரம் கழித்து ரத்தம் எடுத்து, அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று பார்க்கும் எலைசா சோதனை. தட்டில் நீலம் ஏறி, அமிலம் விட்டதும் மஞ்சளாகும்போது லேபே குஷியாகிவிடும். எனக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தும்.

சுண்டெலிக்கு ஹெபடைடிஸ் பி தொற்றவே தொற்றாதே! இந்த வைரஸ் மனிதக் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசல் என்டிசிபி என்ற புரதம் என்பது 2012-ல்தான் தெரியவந்தது. எலியின் என்டிசிபி அதற்குத் திறப்பதில்லை. எதிர்ப்பொருள் எவ்வளவு ஏறினாலும் நோயைத் தடுத்ததா என்று எலியால் சொல்ல முடியாது. அதற்கு வாத்து வேண்டும், இல்லையென்றால் அமெரிக்கக் காட்டு விலங்கான வுட்சக். இரண்டுக்கும் இதே குடும்பத்து வைரஸ்கள் உண்டு. வுட்சக்கில் நாட்பட்ட தொற்று கல்லீரல் புற்றுநோய் வரை போகும். நம் கீழாநெல்லியைக்கூட 1980-களில், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பிளம்பர்க்கின் குழு வுட்சக்கில்தான் சோதித்தது. ஆனால் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் அந்தப் பிராணியை எங்கள் விலங்குக்கூடத்தில் எங்கே வைப்பது?

இன்னொரு சிக்கல், எலியில் நன்றாக வேலை செய்யும் டிஎன்ஏ ஊசி பெரிய உடம்பில் மந்தமாகிவிடும். 2021-ல் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற சைகோவ்-டி கொரோனா தடுப்பூசியை ஊசியில்லாக் கருவியால் தோலுக்குள் பீய்ச்சினார்கள்.

சரி, ஹெபடைடிஸ் பி-க்கு நல்ல புரதத் தடுப்பூசி ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு? ஏற்கெனவே தொற்றோடு வாழ்பவர்களுக்காக. மேலுறைப் புரதத்தைப் பிறவியிலேயே சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளில், 1990-களில் டிஎன்ஏ ஊசி அந்தப் புரதத்தை ரத்தத்திலிருந்து அகற்றியது. நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் அந்த எலிகளில் இருந்தது புரதம் மட்டும்தான், தொற்று இல்லை. நாட்பட்ட நோயாளிகளிடம் செய்து பார்த்தபோது அந்த அளவு பலன் வரவில்லை. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை.