வீடியோ சர்வரில் ஜிபியு கார்டு: கரண்ட் எங்கே மிச்சமாகிறது?

புதுச்சேரி, கடலூர் பக்கம் கேபிள் கன்ட்ரோல் ரூமில் சேனல்களை மொபைலுக்கும் அனுப்ப ஆரம்பித்தால் முதலில் திணறுவது சர்வரின் சிபியுதான். ஒரே சேனலை 1080, 720, 480 என்று மூன்று அளவில், அதுவும் நேரலையில், மாற்ற வேண்டும். இன்னொரு சர்வருக்குக் காசு போடுவதற்குப் பதில் என்விடியாவின் டி4 அல்லது எல்4 ஜிபியு கார்டு (படங்களைக் கையாளும் தனி சிப் உள்ளது) போடலாம். டி4 70 வாட், எல்4 72 வாட். பவர் கேபிள்கூட வேண்டாம், ஸ்லாட்டே போதும். நாள் முழுக்க முழுச் சுமையில் ஓடினாலும் 1.7 யூனிட்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று கேமிங் கார்டான ஜிஃபோர்ஸ் வாங்கினால், ஒரே நேரத்தில் எத்தனை என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும் வேலை) என்பதற்கு டிரைவரே வரம்பு போட்டுவிடும்.

சிபியுவில் கணக்குப் போடுவதைவிட, கட்டளையை எடுத்துப் பிரித்து எண்களை அங்குமிங்கும் நகர்த்தவே கரண்ட் அதிகம் போகிறது. கூகுள் 2015இல் தன் டேட்டா சென்டர்களில் இறக்கிய டிபியு (ஏஐ கணக்குக்கான சிப்) கைவைத்தது இந்த இடத்தில்தான். 65,536 பெருக்கல் அலகுகள், ஒவ்வொன்றும் தன் விடையைப் பக்கத்து அலகுக்கு நேராகத் தள்ளும். 2017இல் வெளியான அளவீட்டின்படி, அன்றைய சிபியு, ஜிபியுவைவிட ஒரு வாட்டுக்கு 30 முதல் 80 மடங்கு வேலை.

நம் கார்டிலும் கதை அதேதான். பலர் வீடியோவை மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் என்கோடரை மட்டும் என்வென்க் (கார்டிலேயே உள்ள என்கோடர்) என்று மாற்றிவிட்டு, மற்றதைச் சிபியுவிலேயே விட்டுவிடுகிறார்கள். சுருக்கத்தைப் பிரித்த (டிகோடிங் செய்த) 1080 ஃப்ரேம் ஒன்று சுமார் 3 எம்பி. வினாடிக்கு 25 என்றால், 20 சேனலுக்கு 1.5 ஜிபி சும்மா போய் வருகிறது. சிபியு மீட்டரும் இறங்காது. டிகோடிங்கின் அவுட்புட் ஃபார்மட்டைக் குடா (என்விடியா கார்டிலேயே கணக்குப் போடும் முறை) என்று கொடுத்து, ஸ்கேல் குடா ஃபில்டரைப் போட்டால் ஃப்ரேம் கார்டைவிட்டு வெளியே வராது. ஒற்றை, இரட்டை வரிகளை மாறி மாறி அனுப்பும் இன்டர்லேஸ் சேனலுக்கு, வரிகளைச் சேர்த்து முழுப் படமாக்கும் சாதாரண யாடிஃப் ஃபில்டர் வேண்டாம், யாடிஃப் குடா. லோகோ ஒட்ட ஓவர்லே குடா. இதில் ஒன்றுக்குச் சாதாரண ஃபில்டரைப் போட்டாலும் ஃப்ரேமை மறுபடி சிபியுவுக்கு இறக்கி ஏற்ற வேண்டிவரும்.

அடுத்தது சூடு. இரண்டு கார்டுக்கும் சொந்த ஃபேன் கிடையாது. ரேக் சர்வரின் முன்பக்கக் காற்றை நம்பிச் செய்தவை. சாதாரண கேபினெட்டில் செருகினால் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும், பழி நெட்வொர்க்கின்மேல் விழும். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் தெர்மல் ஸ்லோடவுன் 'ஆக்டிவ்' என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். ஏசி செலவை மிச்சம் பிடிக்க ராத்திரியில் கடற்காற்றை உள்ளே விடாதீர்கள்: ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் போர்டில் படிந்த உப்பு தண்ணீராகக் கசியும், ஸ்லாட் பின்கள் அரிக்கும். கரண்ட் போய் ஏசி நின்று, யூபிஎஸ்ஸில் சர்வர் மட்டும் ஓடும் நேரத்தில் அறை சூடேறும். ஏசியையும் ஜெனரேட்டர் லைனில் போடுங்கள்.

கார்டு போடும் முன்னும் பின்னும் ஐபிஎம்ஐயில் (சர்வரின் நிலையைக் காட்டும் வசதி) சர்வர் இழுக்கும் வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பில் இறங்குவது, வேலையிழந்த பழைய சர்வரை உண்மையிலேயே அணைத்த பிறகுதான்.