மாற்றக் கூடாதவற்றின் டெம்ப்ளேட்

டேக்குகளால் தரவைக் குறித்து வைக்கும் பெரிய எக்ஸ்எம்எல் கோப்பில் நாலைந்து எலிமெண்ட்டுகளை (டேக்கும் அதற்குள் இருப்பதும்) மட்டும் மாற்றித் தர வேண்டும், வேறு எதுவும் அசையக் கூடாது. என் வேலையில் அடிக்கடி வருகிற கோரிக்கை இதுதான். கேட்பவரின் கண் மாற்ற வேண்டியதன் மேல் இருக்கும். எனக்குக் கவலை மற்றதெல்லாம் பற்றித்தான்.

இந்த மாற்றங்களை எழுதும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. அதற்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் அடக்கிய ரூட் எலிமெண்ட்டுக்கு ஒரு டெம்ப்ளேட் (எது வந்தால் என்ன எழுத வேண்டும் என்ற விதி) போட்டு, உள்ளே ஃபார்-ஈச் சுழற்சிகளை அடுக்கி, ஒவ்வொரு டேக்கையும் திரும்ப எழுதுவார்கள். ஜாவாவில் பழகிய கை அப்படித்தான் போகும். ஓடவும் செய்யும். பிறகு யாராவது மூல ஆவணத்தில் ஓர் ஆட்ரிபியூட்டை (டேக்குக்குள் எழுதும் பெயரும் மதிப்பும்) சேர்ப்பார்கள். வெளியீட்டில் அது இருக்காது. பிழைச் செய்தியும் வராது.

நான் வரிசையைத் திருப்பிப் போடுவேன். முதலில் எழுதுவது ஐடென்டிட்டி டெம்ப்ளேட்: எந்த நோடு (ஆவணத்தின் எந்தத் துண்டு), எந்த ஆட்ரிபியூட் வந்தாலும் காப்பி செய், அதன் உள்ளே இருப்பவற்றுக்கு மறுபடி அப்ளை-டெம்ப்ளேட்ஸ், அதாவது பொருந்தும் டெம்ப்ளேட்டை ஓட்டு. இதை மட்டும் ஓட்டி, மூலத்தோடு டிஃப் (வரிக்கு வரி ஒப்பீடு) பார்த்த பிறகே அடுத்த வரி. டிஃப்பில் சில வேறுபாடுகள் வரத்தான் செய்யும். குறிகளை அப்படியே வைத்திருக்கும் சிடேட்டா பகுதி சாதாரண எழுத்தாகிவிடும், எண்டிட்டி என்ற சுருக்கக் குறிகள் விரிந்துவிடும், ஆவண வகையைச் சொல்லும் டாக்டைப் வரி காணாமல் போகும், ஆவணத்தின் அமைப்பு விதிகளான டிடிடியில் சொல்லியிருந்த இயல்பு மதிப்புகள் ஆட்ரிபியூட்டாக முளைக்கலாம். கோப்பை வாசித்துத் தரும் நிரலான பார்சர் படிக்கும்போதே நடந்துவிடுகிற காரியங்கள் இவை. டெம்ப்ளேட்டுகள் அடங்கிய ஸ்டைல்ஷீட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்டவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அதற்குப் பிறகு வேலை சுலபம். மாற்ற வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு டெம்ப்ளேட். நீக்க வேண்டிய எலிமெண்ட்டுக்கு உள்ளே ஒன்றுமில்லாத வெற்று டெம்ப்ளேட் போதும். குறிப்பிட்ட ஆட்ரிபியூட் உள்ள பாராக்கள் மட்டும் என்றால் அந்த நிபந்தனை, டெம்ப்ளேட் எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் மேட்சிலேயே, சதுர அடைப்புக்குள் போய்விடும். ஒரே நோடுக்கு இரண்டு டெம்ப்ளேட் பொருந்தினால் முன்னுரிமை எண் தீர்மானிக்கும்: எல்லாவற்றையும் பிடிக்கும் ஐடென்டிட்டிக்கு -0.5, வெறும் பெயருக்கு 0, நிபந்தனை உள்ளதற்கு 0.5. நிபந்தனையுள்ள இரண்டு மோதினால்தான் சிக்கல். எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் பெரும்பாலான புராசஸர்கள் கோப்பில் கடைசியாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். அதை நம்பாமல் பிரயாரிட்டியை நானே எழுதிவிடுவேன். ஆறு மாதம் கழித்து யாரோ டெம்ப்ளேட்டுகளை அகர வரிசையில் அடுக்கப் போகிறார்கள்.

நேரத்தை அதிகம் தின்பது நேம்ஸ்பேஸ், அதாவது ஒரே பெயருள்ள எலிமெண்ட்டுகளைப் பிரித்தறிய வைக்கும் அடையாளம். "டெம்ப்ளேட் சரியாத்தான் இருக்கு, வேலை செய்ய மாட்டேங்குது" என்று யார் வந்தாலும் மூலக் கோப்பின் முதல் சில வரிகளைத்தான் காட்டச் சொல்வேன். ரூட்டில் டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் அறிவித்திருந்தால், முன்னொட்டு இல்லாமல் எழுதிய மேட்ச் எதையும் பிடிக்காது. எக்ஸ்எஸ்எல்டியின் 1.0 பதிப்பில் ஸ்டைல்ஷீட்டிலேயே முன்னொட்டு அறிவித்து ஒவ்வொரு பெயரோடும் சேர்க்க வேண்டும், 2.0இல் எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ் என்ற ஆட்ரிபியூட் அந்தத் தொல்லையைக் குறைத்தது. வெளியீட்டைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். கோப்பு ஒரு மாற்றமும் இல்லாமல் வந்தால் ஐடென்டிட்டி மட்டும் ஓடியிருக்கிறது. நாரை உருவிய மாலைபோல டேக் எல்லாம் போய் எழுத்து மட்டும் கொட்டிக் கிடந்தால் ஐடென்டிட்டியே இல்லை, உள்ளமைந்த விதிகள் ஓடியிருக்கின்றன. புதிய எலிமெண்ட்டில் வெற்று எக்ஸ்எம்எல்என்எஸ் (நேம்ஸ்பேஸை அறிவிக்கும் குறி) ஒட்டிக்கொண்டு வந்தால், அதை நேம்ஸ்பேஸ் இல்லாமல் உருவாக்கியிருக்கிறார்கள்.

2017இல் வந்த 3.0இல் ஐடென்டிட்டிக்கு டெம்ப்ளேட்டே தேவையில்லை. மோடு அறிவிப்பில், எதுவும் பொருந்தாதபோது என்ன செய்வது என்று சொல்லும் ஆன்-நோ-மேட்ச் என்பதற்கு ஷாலோ-காப்பி என்று ஒரு வரி கொடுத்தால் முடிந்தது. 3.0ஐ ஓட்டும் சாக்சன் புராசஸர் இருக்கும் இடத்தில் அதைத்தான் எழுதுகிறேன். எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற புராசஸர் மட்டும் இருக்கும் சர்வர்களில் 1999ஆம் ஆண்டின் 1.0ஐத் தாண்ட வழியில்லை. அங்கே பழைய டெம்ப்ளேட்தான்.