கடல் ட்ரஸ்ட் ஃபைலும் கடைசிப் பக்கமும்

கடலக் காப்பாத்துறோம்னு ஒரு ட்ரஸ்ட்டு நம்மகிட்ட பணம் கேட்டு ஃபைல் அனுப்புனா நான் மொதல்ல கடைசிப் பக்கத்தத் தான் பொரட்டுவேன். அங்க தான் அறங்காவலர்கள் பேரு, அட்ரஸ், தொழில் எல்லாம் இருக்கும். முன்னாடி பக்கத்துல ஆமைக்குட்டி, அலையாத்திக் காடு, பவளப்பாறைனு போட்டோ பிரமாதமா இருக்கும், அத அப்புறம் பாத்துக்கலாம்.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேங்க, கூடவே சிஎஸ்ஆர் ஃபைலும் என்ற டேபிள்ல தான். தெரியாதவங்களுக்கு, 2013 கம்பெனிச் சட்டத்துல 135வது பிரிவுனு ஒண்ணு இருக்கு, ஒரு அளவுக்கு மேல லாபமோ டர்னோவரோ இருக்குற கம்பெனிங்க கடைசி மூணு வருச சராசரி நிகர லாபத்துல 2 சதவீதம் சமூகக் காரியத்துக்கு செலவு பண்ணியாகணும், அது தான் சிஎஸ்ஆர். கம்பெனி இருக்குற ஏரியாவுக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு, அதனால எங்க பணம் பெரும்பாலும் ஸ்கூல் கட்டடம், குளம் தூர் வாருறது, மரம் வெக்கிறதுன்னே போயிரும். எங்க ஊர்ல அதுக்கு ஆளுங்களும் உண்டு, கோயமுத்தூர்ல சிறுதுளி 2003லருந்து குளத்து வேலை பாக்குறாங்க, திருப்பூர்ல வனத்துக்குள் திருப்பூர்னு மரமா நட்டுத் தள்ளுறாங்க.

இந்தத் தடவ கடற்கரைலருந்து ஒரு அப்ளிகேசன் வந்துச்சு. மொதலாளி பாத்துட்டு "ஏனம்மிணி, கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டாரு. பெரிய மனுசன், கேட்டதுல தப்பில்ல, சட்டமே அப்படித் தான சொல்லுது. ஆனா என்னால சும்மா இருக்க முடியல. நொய்யல் வெள்ளிங்கிரி மலைல பொறந்து பேரூர், கோயமுத்தூர், சூலூர்னு வந்து நம்ம ஊரு நடுவுல பூந்து போயி கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்குற ஊர்கிட்ட காவேரில சேருது, காவேரி பூம்புகார்ல கடல்ல சேருது. நம்ம ஊரு துணிய சாயம் போட்டு அலசுன தண்ணி எத்தன வருசம் அந்த வழியா போச்சுனு அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "சரி, நீ ஃபைலப் பாத்துட்டு சொல்லு"ன்னுட்டாருங்க.

இங்க எங்க பெரியப்பா கதைய கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா நான் கடைசிப் பக்கத்த மொதல்ல பொரட்டுறதுக்கு அவரு தான் காரணம். அவருக்கு நொய்யல் ஆயக்கட்டுல பூமி. 1992ல ஒரத்துப்பாளையம் அணை கட்டுனப்ப ஊரே நோம்பி கொண்டாடுச்சு, பாசனம் வந்துரும்னு. வந்தது சாயத் தண்ணி. அணைல தேங்குனது ஊறி ஊறி சுத்துப்பட்டுக் கெணறெல்லாம் உப்பாச்சு, தென்னை இருந்துச்சு ஆனா எளநிய வெட்டிக் குடிச்சா நாக்குல கரிக்கும், மாடு அந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும், அந்த மாட்டப் பாத்து வாயில்லா ஜீவனுக்கு இருக்குற புத்தி நமக்கு இல்லையேன்னு பெரியம்மா அழுதது எனக்கு இப்பவும் நெனவு இருக்கு. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்பு சங்கம்னு விவசாயிக தான் கோர்ட்டுக்குப் போனாங்க. பெரியப்பா மஞ்சப்பைல பேப்பருங்கள சுருட்டி வெச்சுக்கிட்டு மீட்டிங்குக்கு கெளம்புவாரு, அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனா எந்தக் காயிதத்துல என்ன இருக்குனு மடிப்ப வெச்சே சொல்லுவாரு. 2006 டிசம்பர்ல ஹைகோர்ட் தீர்ப்பு வந்துச்சு, அத யாரும் ஒழுங்கா நடத்தலன்னு மறுபடி கேஸு, 2011 ஜனவரில சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லிட்டாங்க, 700க்கு மேல பட்டறைங்க.

அந்த மாசம் திருப்பூர்ல எங்க தெருவுல பாதிப் பேருக்கு வேலை இல்லைங்க. எங்கப்பாவும் அதுல ஒருத்தர். அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒருத்தருக்கு ஆறு செத்ததுல பொழப்பு போச்சு, ஒருத்தருக்கு ஆத்தக் காப்பாத்தப் போனதுல பொழப்பு போச்சு, பொங்கலுக்கு ஒறம்பரையெல்லாம் ஒண்ணா உக்காந்தா யாரும் அந்தப் பேச்ச எடுக்க மாட்டோம். அப்புறம் ஒரு சொட்டு கழிவுநீரும் வெளிய விடக்கூடாதுன்னு சுத்திகரிப்பு நிலையமெல்லாம் வந்து தான் பட்டறைங்க தொறந்துச்சு. இதுல எனக்குத் தெளிவாப் பட்டது ஒண்ணு தான், எவன் கெணறு செத்துச்சோ அவன் முன்ன நின்னதால தான் அந்தக் கேஸு அத்தன வருசம் தாக்குப் புடிச்சது. வெளியாளா இருந்திருந்தா மூணாவது வருசம் வேற பிரச்சனைக்குப் போயிருப்பாங்க.

கடற்கரைல இப்படி யாரு முன்ன நிக்கிறாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், படிக்கப் படிக்க ராவுக்குத் தூக்கமே வரல, அவ்வளவு பேரு இருக்காங்க நமக்குத் தான் தெரியல.

மொதல்ல பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல லட்சுமி மூர்த்தி. கடல்ல முங்கி பாசி எடுக்குற தொழிலு, மரிக்கொழுந்துப் பாசின்னு சொல்லுவாங்க, அதுலருந்து தான் ஜெல்லி மாதிரி கெட்டியாக்குற அகர்ங்குற பொருள எடுக்குறாங்க. அந்த வேலைய நெனச்சுப் பாருங்க. சேலை மேல சட்டையப் போட்டுக்கிட்டு, பாறை கிழிக்காம இருக்க விரலுக்கு விரல் துணியக் கிழிச்சு சுத்திக் கட்டிக்கிட்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்புல பை, மூச்சப் புடிச்சு முங்குறது, பறிக்கிறது, மேல வர்றது, மறுபடி முங்குறது. ஆக்ஸிஜன் சிலிண்டர் கெலிண்டர் எதுவும் கெடையாது. மன்னார் வளைகுடா 21 தீவும் 1986ல தேசியப் பூங்கா ஆனப்பறம் தலைமுறையா பாசி எடுத்த எடத்துக்கே இவங்க போகக்கூடாதுன்னு ஆயிருச்சு. அந்த நெலமைல இந்தப் பொம்பளைங்க சங்கமாச் சேந்து, மாசத்துல 12 நாள் தான் பாசிக்குப் போறதுன்னு தாங்களே கட்டுப்பாடு வெச்சுக்கிட்டாங்க. தெனக்கூலி மாதிரி வர்ற காசு அது, மீதி நாள் பாசி எடுக்குறதில்லன்னா அந்தக் காசும் கெடையாது. பாசி வளரட்டும்னு தங்க கூலியத் தாங்களே கொறச்சுக்கிட்ட பொம்பளைங்க. 2015ல லட்சுமிக்கு அமெரிக்காவுல சீகாலஜி பரிசு குடுத்தாங்க, தீவுங்களோட இயற்கையக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்குற பரிசு அது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. ஆபீஸ்ல நாங்க தலைமைப் பண்பு ட்ரெய்னிங்குன்னு ஸ்லைடு போட்டு நடத்துறோமே, அந்த ஸ்லைடுல இந்தம்மா படத்தத் தான் போடணும்.

அப்புறம் பாக் வளைகுடா. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக் கடல்ல ஓம்கார் ஃபவுண்டேசன்னு ஒண்ணு, நடத்துறவரு பாலாஜி வேதராஜன், கடல் உயிரியல் படிச்சவரு. அந்தக் கடல்ல தான் ஆவுளியா இருக்கு, கடல் பசுன்னு சொல்றோமே அது. நெசமாவே புல்லு மேயுற ஜீவன், கடல்புல் இல்லன்னா அது இல்ல. வயித்துல 13 மாசத்துக்கு மேல சொமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு பல வருசம் ஆகும், அதனால வலைல மாட்டி ஒண்ணு செத்தாலும் அத ஈடு கட்டுறது லேசு இல்ல. 2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு அங்க 448 சதுர கிலோமீட்டர கடல் பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சது, இந்தியாவுலயே மொதல். ஓம்கார் அழிஞ்சு போன கடல்புல்ல திரும்ப நடுறதுக்கு மூங்கில் சட்டம் கட்டி அதுல தென்னங்கயிறப் பின்னி புல்லக் கட்டி கடலுக்கு அடில எறக்குறாங்க, பிளாஸ்டிக் வேண்டாம்னு. தென்னங்கயிறுன்னதும் எனக்கு பொள்ளாச்சி ஞாபகம் வந்துருச்சு, நம்ம ஊருக் கயித்துக்கு இப்படி ஒரு வேலை இருக்குறது எத்தன கயிறு மில்லுக்காரருக்குத் தெரியும்? கடலுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொன்னா எப்படிங்க.

படிச்ச ஆளே வேண்டாம், மீனவங்க மட்டும் போதும்னு நான் சொல்ல வரலைங்க. ஆமை முட்டை பொரிச்சு வர்ற குட்டி ஆணா பொண்ணாங்குறத மணலோட சூடு தான் முடிவு பண்ணுது, ஹேச்சரில, அதாவது முட்டையப் பாதுகாப்பா பொரிக்க வெக்கிற எடத்துல, அந்தச் சூட்ட அளந்து எழுதி வெக்க ஒருத்தர் வேணும் தான். ஆனா ஆமை எந்த எடத்துல எப்ப கரையேறும், எந்த விசைப்படகு கரைய ஒட்டி இழுவலை போடுதுங்குறது கரைல படுத்துத் தூங்குறவனுக்குத் தான் தெரியும். 2025 ஜனவரில சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கு மேல பங்குனி ஆமை செத்து ஒதுங்குச்சே, வலைல சிக்கி மூச்சு முட்டி. ஆமை சீசன்ல கரைலருந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவலை போடக்கூடாதுன்னு தடை இருக்கு, காயிதத்துல. அதக் கண்காணிக்கிறது ஏசி ரூம்ல இருந்து ஆகுற வேலையா? நீலாங்கரைல சுப்ரஜா தாரிணி 2002ல ஆரம்பிச்ச ட்ரீ ஃபவுண்டேசன்ல மீனவக் குப்பத்துப் பசங்களையே கடல் ஆமைப் பாதுகாப்புப் படையாச் சேத்திருக்காங்க, அந்தப் பசங்க அப்பன் தாத்தன் கடல்லயே பொழச்சவங்க, அவங்க ஒரு படகுக்காரர்கிட்ட போயி "அண்ணே இது வேண்டாம்"னு சொன்னா அந்தப் பேச்சுக்கு இருக்குற எடையே வேற.

சரி, எங்களுக்கு வந்த ஃபைலுக்கு வர்றேன். பேரு சொல்ல மாட்டேன், வேலை நல்லா தான் பண்றாங்க, கணக்கு சுத்தம், வருமான வரிக்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர் பணம் வாங்குறதுக்கு சிஎஸ்ஆர்-1னு பதிவு எல்லாம் பக்கா. கடைசிப் பக்கம் பாத்தா அறங்காவலர்கள் எல்லாருக்கும் சிட்டி அட்ரஸு. மீனவங்க வர்ற ஒரே எடம் "பயனாளிகள்"ங்குற தலைப்புக்கு அடில. அத பாத்ததும் எனக்கு வெசனமாப் போச்சு. எங்க பெரியப்பாவ அவரு ஆத்துக்கே பயனாளின்னு யாராச்சும் எழுதியிருந்தா அவரு மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு.

நிர்வாகிக்கு போன் போட்டேன். தன்மையான மனுசன், நல்ல விஞ்ஞானி. "மீட்டிங்குல மீனவங்க யாராச்சும் உக்காருவாங்களா சார்"னு கேட்டேன். கூப்புடுவோம், ஆனா வர மாட்டேங்குறாங்கன்னாரு. மீட்டிங் எங்கன்னு கேட்டேன், சிட்டி ஆபீஸ்லயாம், பகல் 11 மணிக்கு, மினிட்ஸ் இங்கிலீஷ்ல. காலைல கடலுக்குப் போயிட்டு வந்து வலையப் பிரிச்சு மீன ஏலத்துல போட்டுட்டு நிக்கிறவன் எப்படி சார் வருவான்? ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரைல 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரைல தான் கட்டி நிக்கும், அந்த நாள்ல குப்பத்துலயே பாய் விரிச்சு மீட்டிங் போடுங்க, தமிழ்ல எழுதுங்க, படிச்சுக் காட்டிட்டு கையெழுத்து வாங்குங்கன்னேன். பொம்பளைங்களுக்குத் தனியா நேரம் பாருங்க, மீன் விக்கப் போறவங்க பொழுதோட தான் வீட்டுக்கு வருவாங்க. அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "நீங்க கடற்கரை ஊருங்களா மேடம்"னு கேட்டாரு. நான் காங்கேயம்னேன்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன், அவருக்கு அப்புறம் யாருன்னு. ஆரம்பிச்சவரோட முடிஞ்சு போற ட்ரஸ்ட்டு நெறைய பாத்துட்டேங்க, அவரு நோட்டுல இருக்குறது யாருக்கும் புரியாது, அவரு போன் நம்பர்ல இருக்குற கலெக்டர், ரேஞ்சர் யாரும் அடுத்தவருக்கு எடுக்க மாட்டாங்க. சென்னைல மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு, எஸ்எஸ்டிசிஎன்னு சொல்லுவாங்க, 1988ல காலேஜ் பசங்க ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் வாலண்டியருங்க தான் நடத்துறாங்க. ராத்திரில கடற்கரையோரமா நடந்து ஆமை முட்டையத் தேடி எடுத்து ஹேச்சரில வெக்கிறது அவங்க வேலை. போன சீசன்ல பின்னாடி நடந்து வந்த பொண்ணு இந்த சீசன்ல முன்னாடி டார்ச்சப் புடிச்சுக்கிட்டு நடக்குது. நானும் என்ற தங்கச்சியும் அந்த நடைக்குப் போயிருந்தோம், எங்களக் கூட்டிட்டுப் போனதும் ஒரு சின்னப் பொண்ணு தான். ட்ராக்டர் டயர் மாதிரி மணல்ல ஆமைத் தடம் தெரிஞ்சதும் எல்லாரையும் நிறுத்திட்டு, ஒரு குச்சிய மெதுவா மணல்ல குத்திக் குத்திப் பாத்துச்சு, ஒரு எடத்துல குச்சி பொதுக்குனு எறங்குச்சு, அங்க குனிஞ்சு தோள்பட்டை வரைக்கும் கையவிட்டுத் தோண்டி ஒவ்வொரு முட்டையா எடுத்து துணிப்பைல அடுக்குச்சு, எண்ணுச்சு, நோட்டுல எழுதுச்சு. எங்களோட நரைச்ச தலை வாலண்டியர் ஒருத்தரும் வந்தாரு, அவரு ஒரு வார்த்தை குறுக்க பேசல, பை தூக்குனதோட சரி. ஒரு அமைப்பு எப்படி கை மாறணும்னு கேட்டா நான் அந்தப் பைய தான் காட்டுவேன்.

மொதலாளிகிட்ட என்ற நோட்ட குடுத்துட்டேன். ஒரு வருசத்துக்குப் பணம் குடுக்கலாம், ரெண்டாவது வருசம் குடுக்கணும்னா அறங்காவலர்ல ரெண்டு பேரு மீனவக் குடும்பம், அதுல ஒருத்தர் பொம்பளை, மீட்டிங் குப்பத்துல, மினிட்ஸ் தமிழ்லன்னு எழுதியிருக்கேன். படிச்சுட்டு "ஒரத்துப்பாளையம் கணக்கா பேசுறியே"ன்னாரு, அவரோட பூமியும் அந்தப் பக்கம் தான். கமிட்டிக்கு அனுப்பிட்டாரு, அங்க என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சதும் எழுதுறேன்.

இங்கருந்து அந்த ஆமை நடைக்குப் போகணும்னா ஜனவரிலருந்து ஏப்ரல் வரைக்கும் தான் சீசன், வார இறுதில பொதுமக்களையும் சேத்துக்குறாங்க, முன்கூட்டியே பதிவு பண்ணிருங்க. நைட்டு சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா காலைல சென்னை, அன்னிக்கு பகல்ல நல்லாத் தூங்கிக்கோங்க, நடை நடுராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய போகும். டார்க் கலர் துணி போட்டுக்கோங்க, கேமரா ஃபிளாஷு கண்டிப்பா ஆகாது, பத்து வயசு பன்னண்டு வயசுப் புள்ளைங்க இருந்தாலும் கேட்டுப் பாத்துட்டு கூட்டிட்டுப் போங்க.