பத்தாம்பசலி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பாவை வீட்டில் எல்லோரும் 'பத்தாம்பசலி' என்றுதான் சொல்வார்கள். கைப்பேசி வழியாகப் பணம் பெறுவதற்கான அட்டையை அண்ணன் மேசையில் ஒட்டியபோது, "கையில காசு, வாயில தோசை" என்றபடியே அதன்மேல் கணக்கு நோட்டை வைத்து மறைத்துவிட்டார்.

பசலி என்பது அக்பர் காலத்தில் நிலவரிக்காக ஏற்பட்ட ஆண்டுக் கணக்கு. நம் வருவாய்த் துறை ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான அந்த ஆண்டை இன்றும் பின்பற்றுகிறது. 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. அப்படியானால் பத்தாம் பசலி எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழமையைக் கேலி செய்யும் சொல், அரசாங்கக் கோப்பில் மட்டும் மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது!

'கிணற்றுத் தவளை' என்பதும் அவருக்குப் பொருந்தாது, ஏனெனில் தவளை வெளியுலகைப் பார்த்ததே இல்லை. பெரியப்பாவோ கொலுசு மூட்டையுடன் ஊர் ஊராகச் சுற்றியவர். எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரை, வெறுமனே 'பிடிவாதக்காரர்' என்பதுதான் சரி என்பேன். பெரியம்மா அவ்வளவு யோசிப்பதில்லை. "சுத்தக் கர்நாடகம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி ஆற்றப் போய்விடுவார்.