வேலூர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஸ்கார்பரோவில் சொந்த அலுவலகம் வரை

வேலூர்ப் பக்கம் கணக்கு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ஆடிட்டர் ஆபீஸ். ஜிஎஸ்டி போடுவதும் அங்கே, கடனுக்கு பேலன்ஸ் ஷீட் வாங்குவதும் அங்கே. ஸ்கார்பரோ இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்தால் அந்த ஒரே பலகை மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. கணக்கு எழுதவும், தனிநபர், கம்பெனி வரிப் படிவங்களைத் தாக்கல் செய்யவும் தொழில் உரிமம் தேவையில்லை. பெயருக்குப் பின்னால் சிபிஏ (நம் ஊர் சிஏ போன்ற கணக்கர் பட்டம்) என்று போட மாகாண அமைப்பில் உறுப்பினராக வேண்டும். ஆடிட்டுக்கும் ரிவியூவுக்கும் (ஆடிட்டைவிடச் சுருக்கமான சரிபார்ப்பு) அதற்கு மேலே பப்ளிக் அக்கவுண்டிங் உரிமம் வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் விசிட்டிங் கார்டில் ‘ஆடிட்டர்’ என்று அச்சடித்துவிடாதீர்கள். உரிமம் இல்லாதவருக்கு அந்தச் சொல் வம்பை விலைக்கு வாங்கித் தரும்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. சொந்த அலுவலகம் வைக்க சிபிஏ முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் வந்த வருடமே பலகை மாட்டுவதும் சரியல்ல. யாரிடமாவது இரண்டு மூன்று டாக்ஸ் சீசன் முழுதாக வேலை பார்த்துவிட்டுத் தொடங்குவதே பத்திரம்.

சிபிஏ போகிறவர்கள் கிளம்பும் முன்பே சான்றிதழ் வேலையை முடித்துவிட வேண்டும். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனமான டபிள்யூஇஎஸுக்கான மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். ஊரீஸ், முத்துரங்கம், ஆக்சிலியம் எதில் படித்திருந்தாலும் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகப் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறை அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்குப் போய்ப் பயனில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் அலைய வேண்டும். சிபிஏ தேர்வுத் திட்டம் இப்போது மாற்றப்பட்டு வருகிறது. பழைய ஆட்கள் சொன்னதை வைத்துப் பணம் கட்டாமல், மாகாண அமைப்பிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் கம்பெனிகளில் கணக்குப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் குறைத்தே எழுதுகிறார்கள். எல்சி (வெளிநாட்டு வியாபாரத்தில் பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்), பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்), டியூட்டி டிராபேக் (ஏற்றுமதியாளருக்குத் திரும்பும் சுங்க வரி), ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கின் கணக்கு இவற்றையெல்லாம் ‘டேலி தெரியும்’ என்ற ஒரே வரியில் அடக்கிவிடுகிறார்கள். இறக்குமதி செய்யும் கம்பெனிக்கு எல்சியில் ஒரு முரண்பாடு வந்தால் பணம் எங்கே நிற்கும் என்று தெரிந்த ஆள் அருமையானவர். மாதம் எத்தனை எல்சி, எத்தனை நாட்டு நாணயம் என்று எண்ணோடு எழுதுங்கள்.

சம்பளப் பிடித்தம் ஊர்க் கணக்கு போலத்தான். நம் பிஎஃப் மாதிரியே இங்கும் சாதாரண சிறு முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சிபிபியில் (ஓய்வூதியத் திட்டம்) தொழிலாளியிடம் பிடித்த அளவே முதலாளியும் போட வேண்டும், இஐயில் (வேலையிழப்புக் காப்பீடு) 1.4 மடங்கு. மூன்று நாள் தாமதம்வரை அபராதம் 3 சதவீதம், ஏழு நாளைத் தாண்டினால் 10.

கை பழகாத இடம் சாஃப்ட்வேர். டேலியில் எஃப்6 தட்டி ரசீது போட்டுப் பழகியவர், குவிக்புக்ஸில் வங்கி வரவு தானாக வந்து நிற்பதைப் பார்த்ததும் அப்படியே ‘விற்பனை’ என்று ஏற்றிவிடுவார். 1,000 டாலர் பில்லுக்கு 13 சதவீத எச்எஸ்டி (நம் ஜிஎஸ்டி போன்ற விற்பனை வரி) சேர்ந்து 1,130. பில் போட்டபோதே விற்பனை 1,000, வரி 130 பதிவாகிவிட்டது. வங்கியில் வந்த 1,130-ஐ வரி உட்பட்ட விற்பனையாக மறுபடி ஏற்றினால் விற்பனை 2,000, எச்எஸ்டி 260 ஆகிவிடும். வாடிக்கையாளர் பெயரில் 1,130 பாக்கியும் அப்படியே நிற்கும். வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் ரீகன்சிலியேஷன் ஒரு சதம் பிசகாமல் ஒத்துப்போகும், அதனால் சந்தேகமே வராது. வரவேண்டிய பாக்கிப் பட்டியலை எடுத்து, ‘இந்தப் பணம் உண்மையிலேயே வரவில்லையா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் பிடிபடும். புதிதாக எடுக்கும் எந்தக் கணக்கிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

நம் ஊர்க்காரருக்கு நாம்தான் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று உண்டு: டி1135. வெளிநாட்டில் உள்ள சொத்துகளின் அடக்கவிலை வருடத்தில் எப்போதாவது மொத்தமாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் இந்தப் படிவம் கட்டாயம். கனடாவில் குடியிருப்பாளரான முதல் வருடத்துக்கு மட்டும் விலக்கு. “அண்ணா, காட்பாடி மனைக்கு இங்க எதுக்கு கணக்கு?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 6 லட்சத்துக்கு வாங்கிய ஒரு கிரவுண்டு மனை, கனடாவில் வந்து இறங்கிய நாளில் 42 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். கனடா வரிச் சட்டப்படி அடக்கவிலை 6 அல்ல, 42. கூடவே வங்கியில் 20 லட்சம் எஃப்டி. டாலர் 60 ரூபாய் என்று போட்டால் மொத்தம் 1,03,333 டாலர்; எல்லையைத் தாண்டியாகிவிட்டது. படிவம் தராவிட்டால் நாளுக்கு 25 டாலர், அதிகபட்சம் 2,500 வரை அபராதம், வரி ஒரு காசு பாக்கி இல்லாவிட்டாலும். அம்மா அப்பா குடியிருக்கும் வீடு சொந்த உபயோகம் என்பதால் இதில் சேராது. முதலீடாகக் கிடக்கும் காலி மனை சேரும்.

அந்த 42 லட்சம் பின்னால் விற்கும்போதும் கைகொடுக்கும். 50-க்கு விற்றால் கனடாவில் லாபம் 8 லட்சம்தான். அதற்கு ஆதாரம் வேண்டும். சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பு சந்தை விலை ஆகாது. வந்திறங்கிய தேதியைக் குறிப்பிட்டு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்துத் தேடினால் பக்கத்து மனைகளின் அன்றைய விலையைச் சொல்ல ஆள் இருக்காது. என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வட்டிக்கும் பிபிஎஃப் வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். கனடாவில் இரண்டுக்கும் வரி உண்டு.

சொந்தமாகத் தொடங்கும்போது கனடா வருமான வரித் துறையான சிஆர்ஏவிடம், பிறர் படிவங்களை ஆன்லைனில் அனுப்புவதற்கான ஈஃபைல் எண் வாங்க வேண்டும். அவர்கள் உங்கள் சொந்த வரி பாக்கியையும் பார்ப்பார்கள். வாடிக்கையாளரின் சம்மதப் படிவமான டி183-இல் கையெழுத்து வாங்காமல் ஒரு படிவத்தையும் அனுப்பாதீர்கள். அந்த டி183-ஐ ஆறு வருடம் வைத்திருங்கள். தொடர்ந்த நான்கு காலாண்டில் வரவு 30,000 டாலரைத் தாண்டினால் எச்எஸ்டி பதிவு. வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் கொடுக்கும் குவிக் மெத்தடை (எச்எஸ்டியைச் சுருக்க விகிதத்தில் கட்டும் முறை) உங்கள் அலுவலகத்துக்கும் போட்டுவிடாதீர்கள். கணக்கர்களுக்கு அதில் அனுமதி இல்லை. பழைய முதலாளியின் வாடிக்கையாளர்களை அழைக்கக் கூடாது என்று கையெழுத்திட்டிருந்தால் அது பொதுவாகச் செல்லும். ஒன்டாரியோவில் 2021 அக்டோபர் 25 முதல் தடை செய்யப்பட்டது, ஊழியர் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்கிற ஒப்பந்தம்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு வழக்கில் மாட்டுகிறவர்கள் உண்டு.

வேகமான வழி, ஓய்வு பெறப்போகிறவரின் அலுவலகத்தை வாங்குவது. ஆண்டுக் கட்டணத்தின் ஒரு மடங்கை ஒட்டித்தான் பேரம் நடக்கும். நீங்கள் வாங்குவது மேசை நாற்காலியை அல்ல, அந்த ஆளிடம் வந்து பழகிய கால்களை. அதனால் முழுப் பணத்தையும் முதல் நாளே எண்ணிக் கொடுக்காதீர்கள். ஆண்டுக் கட்டணம் 1,50,000 டாலர் என்றால் 90,000 முதலில் கொடுத்து, மீதியை ஒரு வருடம் கழித்து உண்மையில் வசூலான கட்டணத்தோடு இணைத்து ஒப்பந்தம் எழுதுங்கள். வசூல் 1,20,000 என்றால் இனித் தர வேண்டியது 30,000 மட்டும். மூன்று வருட பில்களை வங்கி வரவோடு ஒப்பிடுங்கள். முதல் பத்து வாடிக்கையாளர்களிடமிருந்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். தனிநபர் படிவம் மட்டும் ஆயிரம் இருந்தால் வேலை முழுவதும் மார்ச், ஏப்ரலில் குவியும். ஏப்ரல் 30-ஐ நகர்த்த முடியாது. கம்பெனிப் படிவம் நிதியாண்டு முடிந்து ஆறு மாதம்வரை தாங்கும், வருடம் முழுக்கப் பரவும். அதற்கு விலை கூடக் கொடுக்கலாம். வாங்கிய குட்வில் (வாடிக்கையாளர் பழக்கத்துக்குக் கொடுத்த விலை) வரிக் கணக்கில் 14.1 என்ற சொத்து வகுப்பில் சேரும். வருடம் 5 சதவீதமே கழிவு கிடைக்கும் என்பதால், அந்த வரிச் சேமிப்பை நம்பிக் கடன் தவணை போடாதீர்கள்.

கைமாற்றத்தை மே மாதத்தில் தொடங்குங்கள், டிசம்பரில் அல்ல. சிஆர்ஏவில் பழைய கணக்கருக்கு வாடிக்கையாளர் கொடுத்த அனுமதி உங்களுக்குத் தானாக வராது; ஒவ்வொருவரும் புதிதாகத் தர வேண்டும். கம்பெனி என்றால் முதலாளியே தன் ஆன்லைன் கணக்கில் நுழைந்து உறுதிசெய்ய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு மறந்துபோனவர்களே பாதிப்பேர். பழையவர் உங்களோடு உட்கார்ந்து, “இனி இந்தத் தம்பிதான் பார்ப்பார்” என்று ஒவ்வொருவருக்கும் போன் போடட்டும். அதே அழைப்பில் அனுமதியையும் முடித்துவிட்டால், பிப்ரவரி கடைசியில் டி4 (ஊழியர்களின் ஆண்டுச் சம்பளப் படிவம்) அனுப்பும் நேரத்தில் பூட்டிய கதவின் முன்னால் நிற்க வேண்டியிருக்காது.